பனிமலை அடிவாரத்தில் வாசுகி

வாசுகியையும் தட்சகனையும் ஜப்பானியச் சிற்றூர் ஒன்றில் வணங்க நேரும் என்று எவரேனும் முன்னரே கூறியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஃபியூஜி எரிமலையின் வடகிழக்கு அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 940 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓஷினோ என்பது அவ்வூர். அங்குள்ள எட்டு ஊற்றுக்குளங்களை ‘ஓஷினோ ஹக்காய்’, அதாவது ஓஷினோவின் எட்டுக் கடல்கள் என்று அழைக்கின்றனர்.

டோக்கியோவில் பணிபுரியும் மகனுடன் தங்கியிருந்தபோது, மார்ச் முதல் வாரத்திலும் ஏப்ரல் இறுதியிலுமாக இருமுறை அங்குச் செல்லும் பேறு எனக்கும் என் இல்லத்தரசிக்கும் வாய்த்தது.

மார்ச்சில் கூரைவேய்ந்த வீடுகளின் மேலும் வயல் வரப்புகளிலும் பனி அப்பிக் கிடந்தது. கம்பளி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தும் நடுக்கம் தீரவில்லை. ஆயினும் ஊற்றுகள் உறையவில்லை; அவற்றின் நீர் ஆண்டு முழுவதும் சுமார் 13 டிகிரியிலேயே இருக்குமாம். காலைக் குளிரில் நீர்ப்பரப்பின் மீது மெல்லிய ஆவி எழுந்தது. 3,776 மீட்டர் உயரமுள்ள அம்மலை கடைசியாக நெருப்பைக் கக்கியது 1707இல். அதன்மேல் பெய்யும் பனியும் மழையும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளின் துளைகள் வழியே கசிந்து, ஆண்டுக்கணக்கில் நிலத்தடியில் பயணித்து, பளிங்காய் இங்கே வெளிப்படுகின்றன.

முற்காலத்தில் வெண்ணிற ஆடை அணிந்த ஃபியூஜி அடியார்கள் இக்குளங்களில் தம்மைத் தூய்மை செய்துகொண்டே மலையேறினர். பம்பையில் நீராடிச் சபரிமலை ஏறும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு நாகராஜர் காவல். நந்தன், உபநந்தன், சாகரன், வாசுகி, தட்சகன், அனவதப்தன், மனஸ்வின், உத்பலகன் என்பன அவர்தம் திருநாமங்கள். பௌத்த நூல்களோடு பாரதத்திலிருந்து சீனம் வழியே சென்ற பெயர்கள் இவை. வாசுகி அங்கே ‘வாஷூகிட்சு’; தட்சகன் ‘தோகுஷாகா’.

பாற்கடல் கடையக் கயிறாகிய வாசுகிக்கு அங்கு வாய்த்தது ‘சோஷி’ என்னும் சிறு குளம். அடிமணலைக் கிளறியபடி ஊற்று பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். வழக்கம்போல் இல்லத்தரசி காணிக்கைக்கு நாணயம் எடுத்தார். நீர் மாசுபடும், நாணயம் எறிய வேண்டா என்னும் அறிவிப்பைக் கண்டதும் அது பைக்குள் திரும்பிற்று. கைகள் மட்டும் குவிந்தன. வாழ்நாளெல்லாம் வங்கியில் நாணயம் எண்ணிய எனக்கு அந்தக் கும்பிடே நிறைவாக இருந்தது. நம் திருக்குளங்களின் இன்றைய நிலையும் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி இங்கு வேண்டாம்.

செல்லும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. பெருங்கூட்டம் மொய்க்கும் நடுக்குளம் செயற்கையானது, எட்டனுள் சேராது. மூன்றாம் குளம் பழைய பண்ணைவீட்டுக் காட்சியகத்துக்குள் இருப்பதால் கட்டணம் உண்டு. முதற்குளமாகிய ‘தெகுச்சி’ மற்ற ஏழினின்றும் விலகித் தனியே உள்ளது. மார்ச்சில் வழுக்கும் பனியில் இல்லத்தரசியின் முழங்கால் அத்தொலைவுக்கு இடங்கொடுக்கவில்லை. ஏழோடு திரும்பினோம். அக்குறை அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

ஏப்ரல் இறுதியில் மீண்டும் போனபோது ஊரே வேறாக இருந்தது. ஓடைக்கரையெங்கும் சகுரா மலர்கள்; மலைமுடி மட்டும் இன்னும் வெண்மை. ஃபியூஜியின் தேவியாகிய கொனோஹனசகுயா இம்மலர்களின் தெய்வமும் ஆவாள். மெல்ல நடந்து தெகுச்சியை அடைந்தோம். மலையேறும் அடியார்கள் புனித நீராகக் கையோடு எடுத்துச் சென்றது இக்குளத்து நீரைத்தான். அங்கே வேறு எவரும் இல்லை. இல்லத்தரசி கரையில் அமர்ந்து, நந்தன் தொடங்கி எட்டுப் பெயர்களையும் ஒருமுறை நிதானமாகச் சொன்னார்.