ஆறு மணை

நமது வீட்டில் சென்ற மாதம் வரையில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்தன. நேயர்கள் இதைக் கொண்டு நம்மைத் தனவந்தர் என்று எண்ணிவிட வேண்டாம். நாம் சரித்திர உபாத்தியாயர். ஒன்று வினாத்தாள் தயாரிப்பதற்கென்று நாம் வாங்கியது, இன்னொன்று நமது புத்திரி கல்லூரியில் சேர்ந்தபோது தவணையில் வந்தது, மூன்றாவது தம்பியினுடையது. தம்பி, அவன் மனைவி, அவர்கள் பிள்ளை ஆகிய மூவரும் நம்மோடு ஒரே கூரையின் கீழ் வசித்து வந்தார்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் கம்ப்யூட்டரில் வேறொரு காரியமும் நடந்து வந்தது என்பதை மறைப்பானேன்? இரவு பத்து மணிக்கு மேல் நாம் 'சிவிலிசேஷன் 6' என்ற ஆட்டத்தில் நகரங்களை நிர்மாணித்துக்கொண்டிருப்போம். அமெரிக்காவிலுள்ள வால்வ் கம்பெனியார் 2003-ஆம் ஆண்டில் ஆரம்பித்த 'ஸ்டீம்' என்னும் கடையில், பண்டிகைத் தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கி வாங்கி நமது கணக்கில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் சேர்ந்துவிட்டன. புத்தக அலமாரியில் கூட அத்தனை நல்ல புத்தகங்கள் இல்லை என்பது நமது மனைவியின் அபிப்பிராயம்.

இந்த அலமாரியை வீட்டாருக்கு இரவல் தரும் வசதி 2013-ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் அதில் ஒரு வினோதமான நிபந்தனை. அலமாரிக்குச் சொந்தக்காரர் ஏதாவது ஒரு ஆட்டத்தைத் திறந்தால் போதும், அலமாரி முழுவதும் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும்! 2021-ல், நோய்த் தொற்றினால் பள்ளிக்கூடங்கள் அடைபட்டிருந்த சமயம். நாம் அறைக்குள் நமது நகரத்துக்கு மதில் எழுப்பத் தொடங்குவோம். உடனே கூடத்திலிருந்து, "அப்பா!" என்று ஒரு அலறல் கேட்கும். தம்பியின் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ ஆட்டத்தில் ஈடுபட்டிருந்த நமது புத்திரிக்கு, "சில நிமிஷங்களில் வெளியேறு, அல்லது நீயே விலை கொடுத்து வாங்கு" என்று நோட்டீஸ் வந்திருக்கும். தகப்பன் விளையாட உட்கார்ந்தால் மகள் எழுந்திருக்க வேண்டும் என்பது எந்த தர்ம சாஸ்திரத்திலும் கிடையாது. ஆகவே பெரும்பாலும் நாம்தான் எழுந்தோம்.

2024 செப்டம்பரில் 'ஸ்டீம் குடும்பம்' என்ற புதிய ஏற்பாடு முழு அமலுக்கு வந்தது. ஒரு குடும்பத்தில் ஆறு பேர் இருக்கலாம். அவரவர் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பொதுவில் சேரும். ஒருவர் நகரம் கட்டும்போதே மற்றவர் உழவு செய்யலாம். ஒரே ஆட்டத்தை ஒரே சமயத்தில் இருவர் ஆடினால் மட்டும் இரண்டு பிரதி வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் இறக்கி வைத்ததை அடுத்த கம்ப்யூட்டர் வீட்டு வைஃபை வழியாகவே நகல் எடுத்துக்கொள்ளும். பந்தியில் ஆறு மணை போட்டாற்போல் இருந்தது.

'வெண்பா' என்ற ஆட்டத்துக்குத்தான் பந்தியில் நெருக்கடி. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி முதலானவற்றைச் சமைக்கும் கதை அது. டொராண்டோவில் உள்ள ஒரு சிறு குழுவினர் 2023-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டரைத் தொட்டறியாத நமது மனைவியும் தம்பி மனைவியும் அதற்குப் போட்டியிட்டார்கள். இருப்பதோ ஒரு பிரதி. ஆறு மணையிலும் இடமில்லாத நமது தாயார் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்று இருவருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது மணை தம்பி பிள்ளைக்கு. பதினான்கு வயது நிரம்பிய அவனைச் சென்ற தீபாவளியன்று சேர்த்துக்கொண்டோம். சிறுவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கலாம். கூடுதல் நேரம் வேண்டுமென்று அவர்கள் விண்ணப்பமும் அனுப்பலாம். விடுமுறை நாட்களில் அரை மணிக்கு ஒரு விண்ணப்பம் வரும். தாயார் மறுத்ததைப் பெரியப்பா அனுமதித்தார் என்று ஒருநாள் சமையலறையில் பேச்சு எழுந்தது. தவறு நம்முடையதுதான்.

இந்த ஆனி மாதம் தம்பிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. மாற்றல் ஒன்றே காரணமா என்றால், வேறு காரணங்களும் இருந்தன. அவை இங்கே எழுதத் தக்கவையல்ல. பித்தளைப் பாத்திரங்களை ஒரே காலையில் பங்கிட்டுக்கொண்டோம். ஆட்டங்களைப் பங்கிட வழியில்லை. நாம் விலை கொடுத்து வாங்கியது உபயோகிக்கும் உரிமையே தவிரப் பொருள் அல்ல என்று, பணம் கட்டும் இடத்திலேயே 2024 அக்டோபர் முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கைப் பிறர் பெயருக்கு மாற்றவும் விதி இடம் தராது.

'ஸ்டீம் குடும்பம்' ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே ஏற்பட்டது. "இருந்துவிட்டுப் போகட்டுமே, அண்ணா. யாருக்குத் தெரியப் போகிறது?" என்றான் தம்பி. வராத நண்பனுக்காக "உள்ளேன் ஐயா" சொல்லும் பையன்களை இருபது வருஷமாக நிற்க வைத்துப் பழகியவர்கள் நாம். அப்படியிருந்தும் அன்று இரவு சபலம் தட்டத்தான் செய்தது. பந்தி கலையாமல் இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

மறுநாள் தம்பியும் அவன் மனைவியும் தாங்களே விலகிக்கொண்டார்கள். பெரியவர்கள் விலகலாம், சிறுவர் தாமாக விலக முடியாது, பெரியவர் ஒருவர்தான் நீக்க வேண்டும். தம்பி அதைச் செய்யாமலே விலகிவிட்டான். பிள்ளை நம் அருகில் வந்து நின்றான்.

"பெரியப்பா, என் பண்ணை என்ன ஆகும்?"

'ஸ்டார்டியூ வேலி' என்ற ஆட்டத்தில், பாட்டனார் விட்டுச் சென்ற தரிசு நிலத்தை அவன் எட்டு மாதமாகப் பண்படுத்தி வந்தான். கோழிக்கூடு கட்டி, பூசணி விளைவித்திருந்தான். நல்ல வேளையாக, ஆட்டம் இரவலானாலும் ஆடிச் சேர்த்தது அவரவருக்கே உரியது. பண்ணை அவன் கணக்கிலும் தம்பியின் கம்ப்யூட்டரிலும் பத்திரமாக இருந்தது; திறப்பதற்குச் சொந்தப் பிரதி ஒன்றுதான் தேவை. அதை வாங்கி அவன் பெயருக்குப் பரிசாக அனுப்பினோம். பிறகு அவன் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை அமுக்கினோம். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.

தம்பியின் மணையிலும் அவன் மனைவியின் மணையிலும் யாரையும் உடனே அமர்த்தலாம். அவர்கள் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளையின் மணைக்கு மட்டும், அவன் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம் முடியும் வரையில், அதாவது தீபாவளி வரையில், எவரையும் சேர்க்க முடியாது. "ஒரு மணையை எனக்குப் போடேன்" என்கிறார் தாயார். இன்னும் போடவில்லை.

நேற்று இரவு கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பெரிய பூசணிக்காய் ஒன்று. கீழே ஒரே வரி: "பாட்டியிடம் காட்டவும்."