இலைக்கு அப்பால் நிற்பவர்

சாரல் தொடங்கிவிட்டால் போதும், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே கிடக்கும் அந்த ஐந்தாறு கிலோமீட்டர்ச் சாலையிலே நாடே ஊர்ந்து வருகிறது. அமைச்சர் வருகிறார், நீதிபதி வருகிறார், ஆலை முதலாளி வருகிறார், வெள்ளித்திரையின் வேந்தரும் வருகிறார். பேரருவியிலே தலையை நீட்டினால், அந்த நீர் எவர் தலை என்று கேட்டுக்கொண்டா விழுகிறது? மகுடம் சூடிய தலையாயினும், சும்மாடு சுமந்த தலையாயினும் ஒரே அடி, ஒரே குளிர்! ஆனால் குளித்து முடித்து, பசி எடுத்து, ஈரத் துண்டோடு உணவு விடுதிக்குள் நுழைந்த பிறகு பாருங்கள், தோழர்களே! அருவி மறந்த வேற்றுமையை ஒரு வாளிச் சாம்பார் நினைவுபடுத்திவிடும்!

கல்லூரியிலே கலைப் பட்டத்துக்குப் பயின்ற மூன்றாண்டுகளிலும், சாரல் காலத்து மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் நாம் குற்றாலத்து உணவு விடுதிகளில் பணியாற்றினோம். முதலாண்டு மேசை துடைத்தோம். அடுத்த ஆண்டு தண்ணீர் வைத்தோம். மூன்றாம் ஆண்டிலேதான் ‘சப்ளையர்’ என்ற பட்டம் கிட்டியது. பல்கலைக் கழகம் தந்த பட்டத்தைவிட அது எளிதிலே கிட்டவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம்! விடுதிக்குள்ளும் ஒரு வருணாசிரமம் உண்டு. கல்லாவிலே முதலாளி, அடுப்படியிலே மாஸ்டர், அவருக்குக் கீழே சப்ளையர், அவருக்கும் கீழே எச்சில் இலை எடுக்கும் சிறுவன். புகழ் பெற்றவர் எவரேனும் வாசலிலே காரை விட்டு இறங்கினால், முதலாளியின் வாயிலிருந்து முதலில் வரும் ஆணை என்ன தெரியுமா? “கிளீனர் பயல்களெல்லாம் உள்ளே போங்கடா!” என்பதுதான். மேசையைத் துலக்கியவன் கண்ணிலே பட்டால் மேசைக்கே மாசு வந்துவிடுமாம்!

பெயரைச் சொன்னால் பட்டிதொட்டி எல்லாம் அறியும் கலைஞர் ஒருவர் ஒரு ஞாயிறு பிற்பகல் வந்தார். இடமே இல்லை. மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசையில், சங்கரன்கோவில் பக்கத்துக் கிழவர் ஒருவரும் அவர் துணைவியாரும் பாதிச் சோற்றிலே இருந்தனர். அவர்களை எழுப்பி மூலைக்கு மாற்றும்படி கல்லாவிலிருந்து கண்சாடை வந்தது. நம்மோடு நின்ற மூத்த சப்ளையர், நாங்கள் ‘அண்ணாச்சி’ என்று அழைப்பவர், இருபது ஆண்டுகளாகத் தட்டு ஏந்தியவர், அசையவில்லை. கல்லாவுக்கு அருகே சென்று, “இலை போட்டவங்கள எழுப்ப முடியாது மொதலாளி. அவுக மோர் சாப்பிட்டு எந்திரிக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்! இடி முழக்கமில்லை, மேடைப் பேச்சில்லை, மோருக்கு ஒரு வாக்கியம்!

வந்த கலைஞர் என்ன செய்தார்? கை கழுவும் இடத்துக்கு அருகே கால் மணி நேரம் நின்றார். எவர் மீதும் சினம் கொள்ளவில்லை. கிழவர் எழுந்ததும், “மெதுவாகப் போங்கள், ஐயா” என்று வழிவிட்டார். உண்டு முடித்துப் பணம் கொடுக்கப் போனபோது முதலாளி வாங்க மறுத்தார். அவர் வற்புறுத்திக் கொடுத்துவிட்டே சென்றார். ஆனால் அன்றிரவு கூலி எண்ணியபோது அண்ணாச்சிக்கு அரைநாள் குறைந்தது. ‘மரியாதை தெரியாத’ குற்றத்துக்காம்! எவரை அவமதித்ததற்கு அந்தத் தண்டனை? பெரியவரையா? அவர்தான் நின்று காட்டினாரே! அவமதிக்கப்பட்டது கல்லாப்பெட்டியின் ஆணை, வேறொன்றுமில்லை. புகழ் பெற்றோரைக் காட்டிலும், புகழின் நிழலிலே ஒதுங்குவோரே அதிகச் சலுகை கேட்கிறார்கள் என்பதை மூன்று சாரல் காலங்களில் கண்டோம். தலைவர் இரண்டு இட்டிலியோடு எழுந்துவிடுவார், உடன் வந்தவர்களோ ஒருவர் மாற்றி ஒருவர் ‘ஸ்பெஷல்’ கேட்டு, “யார் வந்திருக்கிறது தெரியுமில்ல?” என்று அதட்டுவார்கள்.

கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் படங்கள் தொங்கும். முதலாளியும் நடிகரும், முதலாளியும் அமைச்சரும். அவற்றிலே ஒரு படத்தில், ஓரத்திலே, தட்டு ஏந்திய முழங்கை ஒன்று மட்டும் தெரியும். யாருடைய முழங்கை என்று கேட்டோம். “நினைவில்லை” என்றார்கள்.

குற்றாலம் பெரியோரை உபசரிப்பது இன்று நேற்றுப் பழக்கமன்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாதர் (1882–1954) இங்கே வாழ்ந்த காலத்தில் இராசாசியும் கல்கியும் வந்து தங்கினர். அந்த வீட்டு விருந்து எழுத்துலகிலே பேர் பெற்றது. அவர் தமிழ்ச்சுவை பற்றி நமக்கு மாறுபாடு பல உண்டு. விருந்தோம்பலிலே குறை சொல்ல மாட்டோம். எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: விருந்தைப் பற்றி எழுதும் ஏடும் எழுதுகோலும் எப்போதும் உண்டவர் கையிலேயே இருக்கின்றன. அடுப்புப் புகையிலே கண் கலங்கியவர் கையிலே அவை அகப்பட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவிலே ஒருமுறை அகப்பட்டது! 1925-இல் வாசிங்டன் நகரிலே, வார்டுமன் பார்க் என்னும் விடுதியில் எச்சில் தட்டு எடுக்கும் வேலையிலே இருந்தான் ஒரு கறுப்பின இளைஞன். அன்று புகழ் வாய்ந்த கவிஞர் வாச்சல் லிண்ட்சே அங்கே உண்ண வந்தார். இளைஞன் தான் எழுதிய மூன்று கவிதைகளை அவர் தட்டருகே வைத்துவிட்டு, அதிகம் பேசாமல் நகர்ந்தான். அன்றிரவு லிண்ட்சே அவற்றை அவையிலே படித்தார். மறுநாள் செய்தியாளர் மொய்த்தனர். அவன்தான் லாங்ஸ்டன் ஹியூஸ். மறு ஆண்டே அவன் முதல் நூல் வெளிவந்தது. இதைப் படித்துக் கை தட்டுமுன் இன்னொன்றையும் கேளுங்கள்: தன் கவிதை படிக்கப்பட்ட அந்த அரங்கிலே அவனுக்கு இடமில்லை, கறுப்பரை அது உள்ளே விடுவதில்லை! தட்டு எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாகாது!

நம் நாட்டிலே மட்டும் என்ன வாழ்ந்தது? சேரன்மாதேவி குருகுலத்திலே மாணவர்களைத் தனித்தனிப் பந்தியில் உட்கார வைத்தது 1924–25-இல் தமிழகத்தைக் கொதிக்க வைத்தது. அவ்வூர் நமக்கு அயலூரன்று, இதே நெல்லைச் சீமையிலே இருப்பது. இரயில் நிலைய உணவு விடுதிகளிலே ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்றிருந்த பிரிவினை 1941-இல் போயிற்று. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியிலே முரளி கபே முன்பு பெரியார் மறியல் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் அணியணியாகச் சிறை புகுந்தனர். எதற்கு? பலகையிலே இருந்த ஒரு சொல்லுக்கு! ‘ஒரு சொல்லுக்கா இத்தனை பேர்?’ என்று அன்று எள்ளியவர் உண்டு. எந்த வாசலில் எவன் நுழையலாம் என்று ஆணையிடும் சொல் அது, அதனால்தான்.

பலகை இறங்கியது, நல்லது. ஆனால் பலகையிலே எழுதாத பிரிவினை ஒன்று மிஞ்சி நிற்கிறதே! உண்பவர் உட்கார்ந்திருப்பார், பரிமாறுபவர் நின்றுகொண்டே இருப்பார். உண்பவருக்கு ‘நீங்கள்’, பரிமாறுபவருக்கு ‘நீ’. நரைத்த தலையானாலும் ‘தம்பி’யே, விரலைச் சொடுக்கினால் ஓடிவர வேண்டும். ஓட்டல் சிப்பந்திகளுக்கென்றே 1958-இல் சென்னை மாநிலத்திலே தனிச் சட்டம் பிறந்தது. வேலை நேரத்துக்கு வரம்பும் வார ஓய்வும் அதிலே சொல்லப்பட்டன. கடைகளிலே நிற்போருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இலும் விதி செய்தன. இருக்கைக்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது பாருங்கள்! 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படம் வந்தது. பாலசந்தர் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, நாகேஷ் நடித்தார். மக்கள் மறக்காத படம். ஆயினும், சர்வர் நடிகனாக உயர்ந்ததால்தானே கதை ஓடியது? இருபது ஆண்டுகள் சர்வராகவே இருந்து, மோருக்காக அரைநாள் கூலி இழந்த மனிதருக்குப் படம் எடுப்பார் எவர்?

இவ்வளவும் ஏன் எழுதுகிறோம் என்றால், இன்று நாம் தென்காசிக்கு அருகே ஒரு பள்ளியிலே ஆசிரியர். பள்ளி திறக்கும் மாதமும் சூன். அருவி திறக்கும் மாதமும் சூன்! சூலை பிறந்ததும் ஒன்பதாம் வகுப்பின் கடைசிப் பலகையிலே இடைவெளி விழுகிறது. “எங்கே அவன்?” என்றால், “சீசனுக்குப் போயிருக்கான் சார்” என்று மற்றப் பிள்ளைகள் பெருமையாகவே சொல்கிறார்கள். “நடிகரைப் பக்கத்துல பாத்தானாம் சார்!” என்பது கூடுதல் செய்தி. நடிகரைப் பார்த்தான் சரி. நடிகர் அவனைப் பார்த்தாரா? அவர் வரும்போதுதான் அவனை உள்ளே துரத்திவிடுகிறார்களே!

சட்டம் இல்லையா? உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உணவு விடுதிகளிலே வேலைக்கு வைக்கலாகாது என்ற தடை 2006 அக்டோபர் 10 முதல் நடப்புக்கு வந்தது. 2016 திருத்தம் அந்தத் தடையை ஏறக்குறைய எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோரையோ ஆபத்தான தொழில்களிலிருந்து மட்டுமே அத்திருத்தம் விலக்கியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் பதினான்கோடு நின்றுவிடுகிறது. நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினான்கு முடிந்து நான்கு மாதம்! இரண்டு சட்டங்களின் கரைக்கும் நடுவே, எச்சில் இலையோடு நிற்கிறான் அவன்.

தலைமையாசிரியரோடு அவன் வீட்டுக்குச் சென்றோம். பீடி சுற்றும் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்த தாய், “சாரல் நின்னதும் அனுப்பிருதேன் சார். கடன்காரன் வாசல்ல நிக்கான்” என்றார். அறிவுரை சொல்ல நமக்கு நா எழவில்லை. கணக்குத்தான் கேட்டோம். வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை வாரம், கடன் எவ்வளவு என்று. தொகை பெரிதன்று. ஆசிரியர் அறையிலே அன்று மாலையே பேசினோம், ஏழு பேர் பங்கு போட்டுக்கொள்ள ஒப்பினர், ஒருவர் மட்டும் “இதற்கு முடிவேது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆண்டுதோறும் சூன் வரத்தான் போகிறது. ஞாயிறன்று ஐந்தருவிச் சாலைக்குப் போகிறோம், அவனை அழைத்துவர. அண்ணாச்சியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.