அழுக்கு யாருடையது?

வீடு சுத்தம் செய்து தரும் தொழிலில் போனை எடுப்பவருக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகிவிடும். "வீடு ஒண்ணும் அப்படி அழுக்கா இல்லீங்க. சும்மா ஒரு தடவை நீட்டா பண்ணிடலாம்னுதான்..." ரேட் கேட்பதற்கு முன்னாலேயே இது வந்துவிடும். அடுத்தது, அழுக்குக்குப் பொறுப்பாளி யார் என்ற விவரம். முன்னால் குடியிருந்தவர்கள் அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். பெயின்ட் அடித்தவர்கள் தரையைப் பாழாக்கிவிட்டார்கள். வேலைக்கு வரும் அம்மா ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மேடவாக்கம் பக்கம் ஒரு பழைய ஆம்னி வேனையும் நான்கைந்து ஆட்களையும் வைத்துக்கொண்டு தம்பி நடத்தும் தொழில் இது. போனும் நோட்டீஸும் என் பொறுப்பு. எத்தனையோ பேரிடம் பேசியாயிற்று. அழுக்கு தன்னுடையதுதான் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானே இன்னொரு கம்பெனிக்குப் போன் செய்தால் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்தத் தொழிலுக்கு விளம்பரம் தேடுகிறவர் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் இதுதான். நல்ல டெய்லர் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லத் தோன்றும். சமையலறையை ஆள் வைத்துத் தேய்த்து எடுத்தால் சொல்லத் தோன்றாது. சொன்னால், தேய்த்து எடுக்கும் அளவுக்கு இருந்தது என்றும் சேர்த்தே சொன்னதாகிவிடும். வேலை பிடித்திருக்கும், பணமும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், டீ போட்டுக்கூடக் கொடுப்பார்கள். வாய் மட்டும் திறக்காது.

போட்டோ விஷயமும் அப்படித்தான். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு படத்தை ஒட்டிப் போடுவதைவிட நல்ல விளம்பரம் இந்தத் தொழிலில் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு மெழுகாக அப்பியிருக்கும். கழற்றி, வெந்நீரில் சோப்புப் பவுடர் கரைத்து ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்தால் உள்ளேயிருந்து ஃபேனின் சொந்த நிறம் வெளியே வரும். வீட்டுக்காரர்களே அந்த நிறத்தை மறந்திருப்பார்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைத்தோம். அரை மணி நேரத்தில் அந்த வீட்டு அம்மாவிடமிருந்து போன். "பின்னாடி டைல்ஸ் தெரியுது மேடம். எங்க பிளாக்ல எல்லாருக்கும் என் கிச்சன் டைல்ஸ் தெரியும்." எடுத்துவிட்டோம். அதிலிருந்து குழாய், கதவுக் கீல், டைல்ஸ் இடுக்கு என்று யார் வீடு என்று சொல்ல முடியாத அளவுக்கு நெருங்கிப்போய்த்தான் படம் எடுப்பது. கூகுள் மேப்பில் ரிவ்யூ கேட்டாலும் ஐந்து நட்சத்திரமும் 'குட் சர்வீஸ்' என்ற இரண்டு சொல்லும்தான் வரும். எதைச் சுத்தம் செய்தோம் என்று எழுத மாட்டார்கள்.

இதற்கு ஒரே விலக்கு தண்ணீர்த் தொட்டி. சம்ப் கழுவினால் மட்டும் ஊருக்கே சொல்வார்கள். அடியில் எவ்வளவு சேறு இருந்தது என்று கையை உயர்த்தி அளவு காட்டுவார்கள். மாடிவீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காண்பிப்பார்கள். ஏனென்றால் அந்தச் சேறு லாரித் தண்ணீரில் வந்தது, போர் தண்ணீரில் வந்தது, மழையில் வந்தது. யார் மேலும் பழியில்லை. எங்களுடைய மிக நல்ல விளம்பரம் மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்டும் உள்ளங்கை அளவு ஸ்டிக்கர். தொட்டி கழுவிய தேதி, அடுத்து கழுவ வேண்டிய மாதம், போன் நம்பர். மோட்டார் போட வருகிறவர்கள் தண்ணீர் ஏறும்வரை வேறு வேலையில்லாமல் அதைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். தெருச்சுவரில் ஒட்டும் எந்த போஸ்டரும் அதன் அருகில் வராது. போஸ்டரைக் கண்ட சுவரில் ஒட்டுவதற்குத் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது என்பது வேறு விஷயம். சுத்தத்தை விற்கிறவர்கள் ஊர்ச்சுவரை அசிங்கப்படுத்துவதும் நன்றாக இராது.

பழியில்லாத அழுக்கு என்றால் ஜனங்கள் எப்படி மாறிவிடுகிறார்கள் என்பதை 2015 டிசம்பரில் சென்னை முழுவதும் பார்த்தது. அடையாறு கரைமீறி முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் புகுந்து வடிந்தபோது பீரோவுக்குள்ளும் சேறு, பூஜை அலமாரியிலும் சேறு, சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர். ஒருவரும் வெட்கப்படவில்லை. வாசலில் நின்று "எங்க வீட்டையும் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்கள். யார் கழுவித் தருகிறார்கள், பிளீச்சிங் பவுடர் எங்கே கிடைக்கிறது, எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெருத்தெருவாகப் பேச்சு. 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும் இதே கதை. ஆற்றின் அழுக்கைப் பற்றி ஊரே பேசும். அடுப்பங்கரை அழுக்கு என்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஆகவே நோட்டீஸில் அழுக்கைப் பற்றியே பேசக்கூடாது என்பது எங்கள் கணக்கு. 'உங்கள் பாத்ரூமில் உப்புக்கறையா?' என்று கேட்கும் நோட்டீஸ்கள் உண்டு. அப்படிக் கேட்டால் உடனே யாருக்கும் 'இல்லை' என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் 'போகிக்கு வீடு தயாரா?' என்றால் பதில் வேறு. போகிக்கு எந்த வீடும் சுத்தம் செய்யும். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. இப்படிக் கௌரவமான காரணங்கள் வருஷம் முழுக்கக் கிடைக்கின்றன. நவராத்திரி கொலு, ஆபீஸ்களுக்கு ஆயுத பூஜை, தீபாவளி, கிரகப்பிரவேசம், சீமந்தம், அமெரிக்காவிலிருந்து பேரன் வருவது. மாதக் கடைசியில் வீடு மாறுகிறவர்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயின்டிங், கிளீனிங் என்று பிடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இருப்பதால் வீட்டு புரோக்கரின் போனில் எங்கள் நம்பர் இருப்பது ஆயிரம் நோட்டீஸுக்குச் சமம். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் வைக்க ஏஜென்ட்டிடம் கொடுக்கும் நோட்டீஸ் பெரும்பாலும் பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் பயன்படுகிறது. அதில் ஏதாவது ஒரு பண்டிகையின் பெயர் இருந்தால் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும்.

விசாரணைகளை விலைக்கு வாங்கும் வழியும் இருக்கிறது. ஒருவர் எங்கோ 'ஹவுஸ் கிளீனிங்' என்று தேடியவுடன் அந்த நம்பர் எங்களுக்கு வரும். எங்களைப் போல இன்னும் சிலருக்கும் போகும். பத்து நிமிஷத்துக்குள் எல்லாரும் கூப்பிட, அவர் மிரண்டுபோய் ரேட்டைக் குறைக்கச் சொல்லி ஏலம் நடத்துவார். குறைத்து வேலையைப் பிடித்தால், உப்புக்கறையைப் பொறுமையாகத் தேய்க்க நேரம் போதாது. ஆசிட்டை ஊற்றி எடுக்கவேண்டி வரும். அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டும் குழாயின் பளபளப்பும் அதோடு போய்விடும். குறைந்த விலை ஆசிட்டில் போய் முடிவதால் அந்த ஏலத்துக்கு நாங்கள் போவதில்லை.

2014-இல் அர்பன்கிளாப் என்று தொடங்கி 2020-இல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்ட பெரிய நிறுவனம் வந்தபோது தம்பி பயந்தான். யூனிஃபார்ம், மெஷின், செல்போனில் அழுத்தினால் ஆள். உண்மையில் அதனால் எங்களுக்கு ஒரு நன்மை. ஆள் வைத்து வீட்டைச் சுத்தம் செய்வது சோம்பேறித்தனம் இல்லை, ஒரு சேவையை வாங்குவது என்ற பழக்கத்தை அவர்கள் ஏற்படுத்திவிட்டார்கள். ரேட் சொன்னால் "அவ்வளவா?" என்று அதிர்வது குறைந்தது.

வெட்கம் கதவின் அந்தப் பக்கத்திலும் உண்டு. எங்களிடம் வேலை பார்க்கும் பெண்களில் ஒருவர் தன் சொந்தக்காரர்களிடம் 'கம்பெனியில் வேலை' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இந்த வேலையை யார் செய்யவேண்டும் என்று நம் ஊர் சாதியைப் பார்த்து எழுதி வைத்த கணக்கு இன்னும் அழியவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் வீட்டு டம்ளர் வருமா, பேப்பர் கப் வருமா என்பது மணி அடிக்கும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். "செப்டிக் டேங்க்ல ஆள் இறக்குவீங்களா?" என்று இன்றைக்கும் சாதாரணமாகக் கேட்கிறார்கள். உரிய பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கிய பிறகும் கேட்கிறார்கள். 'கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறங்குவதில்லை' என்று நோட்டீஸின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். அதனால் கைவிட்டுப் போகும் வேலைகள் போகட்டும்.

நோட்டீஸ் எதுவும் செய்யாததை இந்தப் பெண்கள் செய்கிறார்கள். இரண்டாவது தடவை கூப்பிடுகிறவர்கள் கம்பெனி பெயரைச் சொல்வதில்லை. "போன தடவை வந்தாங்களே, அந்த அக்காவையே அனுப்புங்க" என்பார்கள். வேலை நன்றாக இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த அக்கா ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்ததையும் லாஃப்டில் இருந்ததையும் பார்த்துவிட்டு, முகம் சுளிக்காமல், யாரிடமும் சொல்லாமல் போனவர். அவரிடம் இனிமேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக ஒருவர் வந்தால் மறுபடி முதலிலிருந்து 'வீடு ஒண்ணும் அப்படி அழுக்கா இல்லீங்க' என்று ஆரம்பிக்கவேண்டும்.

சின்னக் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் பிழைப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். மெஷினும் யூனிஃபார்மும் யாரும் வாங்கலாம். ஒரு வீட்டின் அழுக்கைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கத் தெரிந்தவர் அதே வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டும் என்றால், அவர் நம்மிடமே வேலையில் இருக்கவேண்டும். அதனால் போன பொங்கலுக்கு நோட்டீஸ் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, மிச்சமான பணத்தை அவர்கள் சம்பளத்தில் சேர்த்தோம். தம்பி அதைச் செலவுக் கணக்கில் எழுதியிருந்தான். விளம்பரக் கணக்கில் மாற்றி எழுதச் சொன்னேன்.