மும்பையில் ஓடிய வெற்று வண்டி

மும்பை நகரின் சனநெரிசலை அறியாதார் இலர். காலை வேளையில் அதன் புறநகர்ப் புகையிரதங்களின் வாயிற்படிகளில் தொங்கிச் செல்வோரைக் கண்டவர்களுக்கு, அதே நகரில் இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்க ஒரு வண்டி ஆண்டுக்கணக்காக ஓடிற்று என்பது வியப்பாகவே தோன்றும். மொனோரெயில் எனப்படும் அவ்வண்டி, உயர்ந்த தூண்களின்மேல் அமைந்த ஒற்றைக் கொங்கிறீற்று உத்தரத்தைக் கவ்வியவாறு றப்பர்ச் சக்கரங்களில் செல்வது. 2014 பெப்ரவரியில் வடாலாவுக்கும் செம்பூருக்கும் இடையே ஏறக்குறைய 9 கிலோமீற்றரில் தொடங்கிய சேவை, 2019 மார்ச்சில் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டு 20 கிலோமீற்றரளவாயிற்று. இடையில் 2017 நவம்பரில் நேர்ந்த தீவிபத்தினால் ஏறத்தாழப் பத்து மாதங்கள் முடங்கியும் கிடந்தது.

2024 ஆம் ஆண்டு விடுமுறையில் அதில் ஏறும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலையகத்தை விட்டு இந்தியா சென்ற என் பாட்டனாரின் தம்பி குடும்பத்தினர், பிழைப்பை நாடி மும்பை சேர்ந்து, இன்று அண்டாப் ஹில் பகுதியில் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டு மாடியில் நின்றால் வண்டி போவது தெரியும். ஆயினும் சித்தப்பா அதில் வேலைக்குச் செல்வதில்லை. காரணம் வினவினேன்.

"அது வர்றதுக்குள்ள நான் பஸ்ல போயி கையெழுத்தே போட்ருவேன்" என்றார்.

ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் கால் மணி நேரமளவு அப்போது காத்திருக்க வேண்டியிருந்தது. புறநகர்ப் புகையிரதமோ சில நிமிடங்களுக்கு ஒன்றாக வருகின்றது.

ஒரு நண்பகலில் நான் செம்பூர் வரை சென்றேன். என் பெட்டியில் ஐவரே இருந்தோம். கீழே சதுப்பு நிலம். அப்பால் எண்ணெய்த் தாங்கிகள், பசளைத் தொழிற்சாலை. காட்சி என்னவோ அழகுதான். ஆனால் காட்சிக்காக எவரும் நாள்தோறும் சீட்டு வாங்குவதில்லையே! செம்பூரில் இறங்கிப் புகையிரதம் பிடிக்க விரும்புவோர் தெருவழியே நடந்தாக வேண்டும். தாதர் கிழக்கு என்று பெயர் தாங்கிய நிலையமும் தாதர்ப் புகையிரத நிலையத்தை அண்மித்ததன்று.

மக்கள் புதுமையை ஏற்கவில்லை என்பாருமுளர். இக்கூற்று எனக்கு உடன்பாடன்று. 2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழையால் புகையிரதப் பாதைகள் நீரில் மூழ்கியபோது, மக்கள் மொனோரெயிலை நோக்கித் திரண்டனர். மைசூர் கொலனி அருகே, தாங்கவல்ல 104 தொன்னையும் மிஞ்சிய பாரத்தினால் வண்டி மின் தொடர்பை இழந்து நடுவானில் நின்றது. உள்ளே மின்விளக்கில்லை, காற்றில்லை. 500க்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புப் படையினர் ஏணிகொண்டு இறக்கினர். ஆளின்மைக்குப் பேர்போன வண்டி ஆட்களின் பாரத்தால் நின்றதை என்னென்பது! அடுத்த மாதம் 20 ஆந் திகதி, திருத்த வேலைகளுக்கென முழுச் சேவையும் நிறுத்தப்பட்டது.

மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு யப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு புகையிரதத் திட்டம் 2020 இல் கைவிடப்பட்டது. அதுபற்றி எம்மவர் வாதிடுகையில் செலவுக் கணக்கே முன்னிற்கக் கண்டிருக்கின்றேன். பஸ்ஸால் இறங்குபவர் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் நடப்பார், மேடையில் எவ்வளவு நேரம் நிற்பார் என்பனவும் அவ்வாதத்தில் இடம்பெற வேண்டுமென்பது என் எண்ணம்.

திருத்தம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கினால் அதில் செல்வீர்களா என்று சித்தப்பாவைத் தொலைபேசியிற் கேட்டேன்.

"எத்தன நிமிசத்துக்கு ஒண்ணு விடுவாங்களாம்?" என்றார் அவர்.