காயமுற்ற உயிருக்கும் ஒரு வைத்தியசாலை

கொக்கிளாய்க் களப்பு 1951 ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும், அதன் கரையில் வலையில் சிக்கிச் சிறகொடிந்த நாரையொன்றைக் கண்டால் எங்கே கொண்டு செல்வீர்கள்? சட்டம் வேட்டையைத் தடுக்கும்; ஒடிந்த சிறகைப் பொருத்தாது.

உடவளவையில் 1995 இல் வனசீவராசிகள் திணைக்களம் தொடங்கிய நிலையம், தாயை இழந்த யானைக்குட்டிகளைப் பாலூட்டி வளர்த்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றது. அங்கு பார்வையாளர் குட்டிகளைத் தொட முடியாது. மனிதரோடு பழகிய விலங்கு காட்டில் பிழைப்பது அரிது.

ஆகவே வன்னிக்கும் அத்தகைய வைத்தியசாலை வேண்டும். அது பெரிதாகவும் இருத்தல் வேண்டும் என்பேன். குணமடைந்த நாரை பறந்து பழகவும் கடலாமை நீந்திப் பழகவும் இடம் தேவையல்லவா?

அதுவரை, காயமுற்ற உயிரை வீட்டில் வளர்க்காதீர்கள். திணைக்களத்துக்கு உடன் அறிவியுங்கள்.