ஆட்டுக்கும் ஆடிட்டிங்!

பி.காம். படித்தவனுக்கு ஆட்டு வைத்தியத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். போன சாரல் சீஸனில் என் மாமாவும் அதையேதான் கேட்டார். குற்றாலம் மெயினருவியில் தலையைக் கொடுக்குமுன், தென்காசியில் மாமா வீட்டில் தலையைக் காட்டினேன். மாட்டிக்கொண்டேன்.

தொழுவத்தில் முப்பது செம்மறி. ஒரு பெட்டை மட்டும் தலையைத் தொங்கப் போட்டு ஒதுங்கி நின்றது. மாமா அதன் கீழிமையை விலக்கிக் காட்டினார். வெளிறிப் போயிருந்தது.

"குடல்பூச்சிதான் மருமவனே. ரெண்டு வாரமா மருந்து ஊத்துதேன். மத்ததை மேலப்பாளையம் சந்தையில தள்ளிட்டு, புள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்."

காதைப் புரட்டினேன். மிளகை ஒட்டவைத்த மாதிரி உண்ணிகள்! டாக்டரம்மாவை வரவழைத்தோம். பூச்சி குடித்தாலும் இமை வெளுக்கும், உண்ணி கொண்டுவரும் ரத்த ஒட்டுண்ணியாலும் வெளுக்கும், ரத்தத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். காது நரம்பில் ஒரு குத்து. ஒரு சொட்டைக் கண்ணாடி சிலைடில் வைத்து, இன்னொரு சிலைடால் மெல்லிசாக இழுத்தார்.

வந்தது வினை. அது சட்டென்று காய வேண்டுமாம். ஈரக்காற்றில் மெதுவாகக் காய்ந்தால் அணுக்களின் உருவம் கெட்டுவிடுமாம். சாரலில் நனைய ஊரே பஸ் ஏறி வருகிறது. நான் சாரலைத் திட்டிக்கொண்டே சிலைடுக்குப் பனையோலை விசிறியால் விசிறினேன்!

ஜீம்சா சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்ததில், சிவப்பணுக்களுக்குள் ஊதாப் பொட்டுகள். தைலேரியா. (உண்ணி மாட்டுக்குக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று அமெரிக்காவில் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-லேயே நிரூபித்தார்கள். ரொனால்ட் ராஸ் கொசுவிடம் மலேரியாக் கிருமியைப் பிடித்தது 1897-ல்தான். ஆனாலும் பேர் வாங்கியது கொசு!)

ஊசி போட்டும் பெட்டை பிழைக்கவில்லை. அந்த இரண்டு வாரம் அதைக் கொன்றுவிட்டது. மாமா அன்றிரவு சாப்பிடவில்லை.

மற்றதில் ஐந்துக்கு சிலைடு பார்த்தோம். ஒன்றுமில்லை. "அப்ப சந்தைக்குப் போலாமா?" என்றார் மாமா.

"கண்ணுல படலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை அண்ணாச்சி. கொஞ்சமா இருந்தா சிலைடு காட்டாது. பி.சி.ஆர். செஞ்சா தெரியும்."

கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டுச் செய்தார்களே, அதே பி.சி.ஆர். இங்கே மூக்குக்குப் பதில் ரத்தம். தெம்பாக மேய்கிற ஆட்டின் ரத்தத்தைக் குடித்த உண்ணிக் குஞ்சு, வளர்ந்து வேறொரு ஆட்டில் ஏறும்போது சரக்கை இறக்கிவிடுமாம். எனக்கு உடனே புரிந்தது. ஐந்து வவுச்சரைப் பார்த்துவிட்டு முழுக்கணக்கும் சரி என்று கையெழுத்துப் போடுகிற ஆடிட்டிங்தான் நாங்கள் செய்யவிருந்தது!

மாமா சந்தைக்குப் போகவில்லை. ஃபீஸில் பாதி என் பாக்கெட்டிலிருந்து போனது. அருவிக் குளியலும் அதோடு போச்சு.

ரிசல்ட் வந்தது. இருபத்தொன்பதில் ஒன்பதுக்கு 'உண்டு'. அதில் ஒன்று, சந்தையில் நல்ல விலை போகும் என்று மாமா தேங்காய்ப் புண்ணாக்கு வைத்துக் கொழுக்க வைத்த கிடாய்.