மீந்த வர்ணம்

நோன்புப் பெருநாளுக்கு முன்னர் வீட்டுக்கு வர்ணம் பூசுவது எம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். பூசி முடிந்தபின் அரை டப்பா, கால் டப்பா என்று மீந்து நிற்பதை என்ன செய்வது என்று எவரும் சிந்திப்பதில்லை. எம் வீட்டுக் கிணறு கெடும்வரை நாமும் சிந்தித்ததில்லை.

பதினைந்து ஆண்டுகள் இருக்கும். கதவு, ஜன்னல்களுக்கு எனாமல் பூசிய தம்பி கூலி பெற்றுச் சென்றுவிட்டார். தூரிகை கழுவிய டர்ப்பன்டைன் ஒரு குவளை நிறைய நின்றது. மீந்த பச்சை வர்ணத்தையும் அதில் கலந்து, கிணற்றுக்கு நாலு முழத் தொலைவில் கொல்லை மண்ணில் ஊற்றினோம். மண் குடித்துவிட்டது, தொல்லை தீர்ந்தது என்றிருந்தோம். இரண்டு மழைக்குப் பின்னர் நீரில் மண்ணெண்ணெய் போன்றதொரு வாடை. எம் தாயார் வாளியை முகர்ந்து, "ஏன் வாப்பா, இதுலே என்னத்தைக் கொட்டினே?" என்றார்கள். பக்கத்து வீட்டு லாத்தா வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்.

நீரின் நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் ஒன்று மாறினால் என்ன சட்டம் என்று ஆண்டுதோறும் பாடம் சொல்லி வருகிறோம். ஃபிக்ஹு நூல்கள் தொடங்குவதே தஹாரத்தில்தானே! வர்ணம் நஜீஸ் அன்று என வாதிக்கலாம். ஆனால், வெறும் தண்ணீர் என்று சொல்ல முடியாதபடி அயற்பொருள் மாற்றிவிட்ட நீரில் ஒளுச் செய்தல் கூடாது என்பதை ஷாஃபிஈ மத்ஹபு பயிலும் சிறுவனும் அறிவான். கிணற்றில் எலி விழுந்துவிட்டதென்று எம்மிடம் சட்டம் கேட்டு வருவோர் உண்டு. டர்ப்பன்டைனை ஊற்றியவர் ஹஜரத்தே என்றால் யாரிடம் கேட்பது?

எண்ணெய் வர்ணமும் அதன் கரைப்பானும் நீரோடு கலவா. மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டால் எளிதில் நீங்கா. சாக்கடையில் ஊற்றினாலும் அது எங்கோ ஒரு நீர்நிலையைத்தான் சென்றடையும். டர்ப்பன்டைனை மூடி வைத்தால் வர்ணம் அடியில் படியும். தெளிந்ததை இறுத்து மறுமுறை பயன்படுத்தலாம். நீரில் கரையும் டிஸ்டெம்பர், எமல்ஷன் வகைகள் கொஞ்சம் மீந்திருந்தால் மரத்தூளோ மணலோ கலந்து, பிள்ளைகள் அணுகாத காற்றோட்டமான இடத்தில் கட்டியாக உலரவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம். எனாமலும் அதன் டப்பாக்களும் அப்படியல்ல. வர்ண டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின. அவற்றைத் தூய்மைப் பணியாளரிடம் தனியே, இன்னதென்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவதோ பேராபத்து. அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியில் உலர்த்த வேண்டும்.

எல்லாவற்றினும் நல்லது, தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடுவதே. ஆனால் பரணில் கிடக்கும் பழைய டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள். பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய வர்ணத்தைத் தொட்டிலுக்குப் பூசினால், அது உரிந்து குழந்தையின் வாய்க்குள் போகும். ஈயம் மூளையைத் தாக்கும்.

கிணற்றை மூன்று முறை இறைத்தோம். அடுத்த கோடை வரை வாடை போகவில்லை. சென்ற பெருநாளுக்கு வாங்கியதில் அரை லிட்டர் பச்சை மீந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவுக்கு ஆகுமா என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். லாத்தா டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டே வாங்கினார்.